ரோலர் இளைத்த கதை

அவளுக்கு 'ரோலர்' என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளேதான். பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த அன்று, புதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் முறை வந்ததும், "என்னை ரோடு ரோலர்னு கூப்பிடுங்க. எப்படியும் என் முதுகுக்குப் பின்னால அதைத்தான் சொல்லப்போறீங்க, உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றாள். கூடமே சிரித்தது. கேலியை மற்றவர்கள் எடுப்பதற்கு முன் தானே எடுத்து வீசிவிடுவது அவள் வழக்கம்.

அவளோடு மூன்று வருடம் ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான். எனக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர். நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் பத்து என்ற எண்ணே நடந்து போவதுபோல் இருக்கிறதாம்.

எங்கள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறும்போது அவள் ஒவ்வொரு தளத்திலும் நின்று, அங்கிருந்த அறிவிப்புப் பலகையைக் கவனமாகப் படிப்பாள். அதில் எப்போதோ முடிந்துபோன தேர்வின் அட்டவணைதான் ஒட்டியிருக்கும். மூச்சு வாங்குவது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். நானும் பக்கத்தில் நின்று அதே அட்டவணையைப் படிப்பேன். திங்கட்கிழமைதோறும் டயட் தொடங்குவாள். புதன்கிழமை மாலைக்குள் அது சிற்றுண்டிச் சாலையின் வறுத்த உருளைக்கிழங்கில் முடிந்திருக்கும். "இந்த உடம்பு என் பேச்சைக் கேக்காது, எங்கம்மா பேச்சை நான் கேக்காத மாதிரி" என்பாள்.

அவள் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். குரல் அப்படி ஒரு குரல். பயிற்சிக் காருக்குள் அவர் 'பிரேக்' என்று சொன்னால் பக்கத்துச் சாலையில் போகிறவனும் காலை அழுத்திவிடுவான். அப்பா அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். வீட்டில் பேசுவதற்கு வாய்ப்பே கிடைக்காத மனிதர்.

நாங்கள் மூன்றாம் ஆண்டில் கால் வைத்த சமயம் அது. அம்மா ஒரு வங்கி ஊழியருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது அம்மா அந்த ஆள் பக்கம் திரும்பி, "நாம எங்கே போறோம்? நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். வங்கி ஊழியர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். கற்றுக்கொள்ள வந்தவரே வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, அப்பாவுக்குப் போன் செய்தார்.

மருத்துவமனையில் விஷயம் தெரிந்தது. எப்போதோ வந்த ஒரு கிருமி, சத்தமில்லாமல் உள்ளேயே தங்கிக் கல்லீரலை அரித்துத் தின்றிருந்தது; அம்மாவின் நினைவு தடுமாறியதும் அதனால்தான். இனி மாற்றுக் கல்லீரல்தான் வழி. நெருங்கிய உறவில் யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். அப்பாவுக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அம்மாவின் ஒரே தம்பிக்கு ரத்த வகை சேரவில்லை. மிச்சமிருந்தது ரோலர்.

பரிசோதனை முடிவு வந்த அன்று நானும் உடனிருந்தேன். அறுவை மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரத்தமெல்லாம் சேருதும்மா. ஆனா உங்க கல்லீரல்ல கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்கு" என்றார்.

கட்டிலில் சுருண்டு கிடந்த அம்மா கண்ணைத் திறந்தார். "வாயிலதான் கொழுப்புன்னு நெனச்சேன் டாக்டர். அங்கேயுமா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகுதான் மருத்துவர் சொன்னதன் பொருள் உறைத்தது.

"இந்த நிலைமையில எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அம்மாவுக்கும் பிரயோஜனம் இல்லை" என்றார் அவர்.

"குறைக்க முடியுமா?" என்று கேட்டாள் ரோலர். அவள் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அன்றுதான்.

"முடியும். சாப்பாட்டை ஒழுங்கு பண்ணி, தினமும் வேர்க்க வேர்க்க நடந்தா, சில மாசத்துலயே நல்ல மாற்றம் தெரியும். ஆனா பட்டினி கிடக்கக் கூடாது. விளம்பரத்துல வர்ற பவுடரெல்லாம் தொடவே கூடாது."

"அதுவரைக்கும் அம்மா?"

"மருந்துல தாக்குப்பிடிக்க வைக்கிறோம். ரொம்ப நாள் தள்ள முடியாது."

அவர் வெளியே போனதும் அம்மா பிடித்துக்கொண்டார். "பெத்த பொண்ணு வயித்தைக் கிழிச்சு நான் உயிர் வாழணுமா? ஒண்ணும் வேணாம்." அவள் கத்தினாள், அவர் கத்தினார், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அம்மாவின் முகம் தெளிந்தது. "சரிடீ. நீ முதல்ல இளைச்சுக் காட்டு. அப்புறம் நான் தலையாட்டறேன்."

திரும்பி வரும்போது, "ஆன்ட்டி எப்படியோ ஒத்துக்கிட்டாங்களே" என்றேன்.

"ஒத்துக்கிட்டாங்களா? மண்ணு. என்னால இளைக்கவே முடியாதுன்னு எங்கம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றாள் அவள்.

மறுநாள் காலையில், அது திங்கட்கிழமையும் இல்லை, அவள் எனக்கு முன்பே எழுந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால் வயிறு இடித்ததால் காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக் கட்டினாள். நான் சைக்கிளில் பக்கத்தில் வருவதாக ஏற்பாடு. தண்ணீர்த் தொட்டி வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டோம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விளையாட்டுத் திடலில் பந்தடித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "டேய், நிலநடுக்கம்டா!" என்றான். நான் அவள் வாயைப் பார்த்தேன். பதில் கொடுக்க அவளிடம் மூச்சு இல்லை. நிமிர்ந்தாள். மறுபடி நடந்தாள்.

சாப்பாட்டில்தான் பெரிய போர். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொன்னது எளிமையானது: தட்டில் பாதி காய்கறி, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால்வாசியில் சோறு. சர்க்கரைக்கும் வறுவலுக்கும் தடை. கேட்க எளிமை. எங்கள் விடுதிச் சமையல்காரரோ, எண்ணெய் மிதக்காத குழம்பைத் தன் தன்மானத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்.

"அண்ணே, எனக்கு மட்டும் காயை வேகவெச்சு, தாளிக்காம எடுத்து வைங்க" என்று கேட்டாள்.

"வேகவெச்ச காயா? இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் அவர்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். "அம்மாவுக்கு என் கல்லீரலைக் கொடுக்கணும்ணே. அதுல உங்க எண்ணெய் நெறைய இருக்காம்."

அவர் கையிலிருந்த எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தார். அன்று மதியத்திலிருந்து அவளுக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் தனியாக அடுப்பேறியது. யாராவது அதில் கை வைத்தால், "அது ஆபரேஷன் சாப்பாடு, எடு கையை" என்று விரட்டுவார்.

பசி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆய்வகத்தில் ஒரு கரைசல் தேன் நிறத்தில் வந்தபோது அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கண்ணை மூடினா வறுத்த உருளைக்கிழங்கு வரிசையா வந்து வணக்கம் சொல்லுதுடீ" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இதற்கிடையில் அம்மாவை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து டப்பாக்கள் வரத் தொடங்கின. அப்பா கொண்டுவந்து, "அம்மா செஞ்சது" என்று நீட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவார். முதல் டப்பாவில் வெண்ணெய் பிஸ்கட். அதை விடுதிக்கே பங்கிட்டுக் கொடுத்தாள். அடுத்ததில் கேக். ஒரு தேர்வு சரியாக எழுதாத நாளில் அது வந்து சேர்ந்தது. நான் நூலகத்திலிருந்து திரும்பியபோது டப்பா காலியாக இருந்தது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "எல்லாம் போச்சு" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் காலையில் நான் எழுந்தபோது காலணிகள் இருந்த இடம் காலியாக இருந்தது. என் சைக்கிளுக்குக்கூடக் காத்திருக்காமல் தனியாகப் போயிருந்தாள்.

மூன்றாவது டப்பா வந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. "நிக்கக்கூட முடியாதவங்க எதுக்கு விழுந்து விழுந்து கேக் செய்றாங்க?" டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

சமையலறையில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டிருந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. ரோலர் டப்பாவை மேடைமேல் வைத்தாள்.

"நான் இளைக்கக் கூடாதுன்னுதானே இதெல்லாம்?"

அம்மா மறுக்கவில்லை. "ஆமாடீ. நீ இளைச்சா உன்மேல கத்தி வெப்பாங்க. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்தோட இருப்பேன்? நீ குண்டாவே இரு கண்ணு. முழுசா இரு."

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ரோலர் அம்மாவின் காலடியில், தரையில் உட்கார்ந்தாள். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "நீ போயிட்டா எனக்கு யாரும்மா கேக் செய்வாங்க? கடைக் கேக்கைத் தின்னு குண்டாகச் சொல்றியா? அதுல ருசியே இருக்காதும்மா."

அம்மா சிரிக்கத் தொடங்கி, அது பாதியில் அழுகையாக மாறியது. அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் அழுதார். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்த அடுப்பை அணைடீ குச்சி."

அதன் பிறகு கதையே மாறிவிட்டது. காலையில் நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு அம்மா போன் செய்வார். போனை என் சைக்கிளின் கைப்பிடியில் கட்டி, ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவேன். படுக்கையிலிருந்து அந்தக் குரல் வரும். உடம்பு தளர்ந்திருந்தாலும் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏத்தம் வருதா? வேகத்தைக் குறைக்காதே! கியரை மாத்து, ஆனா நிறுத்தாதே! பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான், உன் ரோடு இது!"

திடலில் இருந்த பையன்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு அந்தக் குரலுக்காகவே காத்திருந்தார்கள். யாரோ அவர்களுக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். நிலநடுக்கம் என்று கத்தியவன் ஒருநாள் வழியில் கிடந்த பந்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, "போங்கக்கா, போங்க!" என்றான்.

நடை ஓட்டமாயிற்று. நடுவில் சில வாரம் எடை இயந்திரத்தின் முள் அசையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் காலணியைக் கழற்றி அதன்மேல் எறிந்தாள், பிறகு அதே காலணியை மாட்டிக்கொண்டு ஓடப் போனாள். மெல்ல மெல்ல முகத்தில் தாடை எலும்பு எட்டிப் பார்த்தது. ஒருநாள் இருவரும் பேசிக்கொண்டே படியேறினோம். மூன்றாவது மாடிக்கு வந்து பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது நான். அவள் மேல்படியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடீ, அட்டவணை படிக்கணுமா?" என்றாள்.

இரண்டாவது ஸ்கேன் எடுத்த அன்று அவள் நகத்தையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டாள். மருத்துவர் படத்தைப் பார்த்தார், உறையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இது உங்களோடதுதானான்னு சரிபார்த்தேன்" என்றார். "சபாஷ்மா. நாள் குறிக்கலாம்."

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து செவிலியர் ஓடி வந்தார். அதுவரை அதிர்ந்து பேசியே நான் பார்த்திராத அப்பா, நடைக்கூடத்தில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "என் பொண்ணு பாஸ் பண்ணிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தேர்வில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சை பகல் முழுக்க நடந்தது. அந்தப் பகலைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை; நானும் அப்பாவும் ஒரே தேநீரை மாற்றி மாற்றி ஆறவிட்டுக்கொண்டிருந்தோம். மாலையில் மருத்துவர் தொப்பியைக் கழற்றியபடி வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

சில நாள் கழித்து இருவரையும் சக்கர நாற்காலியில் அருகருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மாவின் கண்ணில் மஞ்சள் குறைந்துகொண்டிருந்தது. ரோலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "எலும்பு தட்டுதுடீ. நல்லாவே இல்லை" என்றார்.

அவள் எந்த அழகுராணியாகவும் மாறிவிடவில்லை. விட்ட எடையில் கொஞ்சம் திரும்பி வந்தது, பிறகு போனது. ஆனால் ஓட்டத்தை அவள் விடவில்லை. காயம் நன்றாக ஆறி, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு, பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்தாள்.

பந்தயத்தில் முதலில் வந்தவர்கள் பதக்கம் வாங்கி, தண்ணீர் குடித்து, வியர்வையும் துடைத்து முடித்துவிட்டார்கள். பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. எங்கள் விடுதிப் பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. சமையல்காரர் மதியச் சமையலை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அம்மா, கயிற்றைத் தாண்டி ஓடுபாதைக்குள்ளேயே நின்றார். அவரை வெளியே போகச் சொல்ல எந்தத் தொண்டருக்கும் தைரியம் வரவில்லை.

வளைவில் அவள் தலை தெரிந்ததும் நாங்கள் எழுப்பிய சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிப் பறந்தன. அவள் முகம் சிவந்திருந்தது, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, வாய்கொள்ளாத சிரிப்பு. தாமதமாக வந்த ஒரு பேராசிரியர் என் பக்கத்தில் நின்று, "என்னம்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஜெயிச்சது யாரு?" என்று கேட்டார்.

"அதோ ஓடி வர்றாளே சார், அவதான்" என்றேன்.