கை காட்டாதவர்

ஜார்ஜ்டவுனில் ஓர் அருங்காட்சியகத்தில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிறு தவறாமல் அவர் வருவார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடை, நரைத்த மீசை, கழுத்தில் தொங்கும் சின்ன பூதக்கண்ணாடி. போரில் பிடிபட்ட ஜப்பானிய விமானத்தின் முன்னால் மட்டும்தான் நிற்பார். அதை அண்ணாந்து பார்க்கும்போது இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“எங்க பெரியப்பா கை காட்டினாரு, தங்கச்சி. முதல் தடவை குண்டு போட வந்தப்போ, நம்ம பிளேன்னு நெனச்சு எல்லாரும் ஜாலான்ல, நடுரோட்டுல நின்னு கை காட்டினாங்க. அந்தக் கை மட்டும்தான் கெடைச்சுது.”

அன்று வந்தவற்றில் இதுவும் ஒன்றா என்று அவருக்குத் தெரிய வேண்டும். வால் பக்கம் துருவேறிய தகட்டின் எண்ணைக் கண்ணாடி வைத்துப் படித்து, ஜப்பானில் விவரம் தெரிந்த ஒருவருக்கு எழுதிப் போட்டார். பதில் வர எட்டு மாதம் ஆயிற்று.

“இது இல்லையாம்,” என்றார், கடிதத்தை மடித்தபடி. “குண்டு போட்டு ரெண்டு வருஷம் கழிச்சுதான் இதைச் செஞ்சாங்களாம்.”

“அப்ப நல்லதுதானே, அண்ணே?”

“என்னா நல்லது லா? பத்து வருஷமா இதைத்தான் மொறைச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே எதைப் போய் மொறைக்கிறது?”

வாசல்வரை கூடவே போனேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்க ஒரு பயணிகள் விமானம் தாழ்ந்து வந்தது. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கை காட்டினார்கள்.

“கையை எறக்குங்க!” என்று அலறினார்.

பிள்ளைகள் மிரண்டுபோய்க் கைகளை இறக்கினார்கள். அவர் கைகள் பைக்குள்ளேயே இருந்தன.