வேகமாக வந்த பதில்

கிரிசாந்தோவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அந்த ஒன்பது நாட்களைத்தான் சொல்வார்கள். நான் அதற்கு முன்பிருந்து சொல்வேன். அவசரம் உள்ளவர்கள் எழுந்து போகலாம்.

என் சாப்பாட்டுக் கடைக்கு மேலேதான் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அறை. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறான் கிரிசாந்தோ. நாற்பத்தாறு வயது. கல்யாணம் இல்லை. கடல் அவனுக்கு ஆகாது. படகில் ஏற்றினால் துறையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டுக் கரையிலேயே இருக்கிற ஆணை எங்கள் ஊர் எப்படிப் பேசும் என்று சொல்லத் தேவையில்லை. அவன் அண்ணன் கோரியோதான் முதலில் பேசுவான். "என் தம்பி நாற்காலில உக்காந்தே வலை வீசறவன்" என்பான். ஆனால் பிடித்து வந்த மீனில் நல்லதைத் தம்பிக்கென்று என் கடையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எனக்கே புரியும்படி தன் வேலையைச் சொல்லியிருக்கிறான். முனைக்கு அப்பால் கடலில் மஞ்சள் மிதவை ஒன்று கிடக்கிறது. அலையின் உயரத்தை, காற்றை அது அளக்கும். நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் மிதவையிடம் கேட்டு, கணக்குப் போட்டு, விடிந்ததும் மீனவர்களின் போனுக்கெல்லாம் செய்தி அனுப்பும். அலை இவ்வளவு, காற்று இப்படி, போகலாம், இல்லை போகாதே. அந்த நகரத்துக் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் இவன் வேலை.

அதற்காக ஒரே ஒரு வரியில் கட்டளை எழுதி வைத்திருந்தான். அவன் சாப்பிட்டாலும் தூங்கினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வரி தானாக ஓடும். ஓடிப் போய் நகரத்துக் கதவைத் தட்டும். பதில் வந்ததா, வர எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொண்டு திரும்பும். பதில் வராவிட்டாலோ எட்டு நொடிக்கு மேல் இழுத்தாலோ இவன் போனில் சேவல் கூவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் கூவிவிட்டது. பாதிரியார் நிறுத்தி, "கிரிசாந்தோ, அடுத்த வாரம் அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துடலாமா?" என்று கேட்டார். கோயிலே சிரித்தது. இவன் சிரிக்கவில்லை, படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

ஊரில் எல்லோருக்கும் நான் லோலா, அதாவது பாட்டி. தினமும் காலையில் என் கடைக்குள் நுழையும்போதே சொல்வான்: "நாலு நொடி, லோலா."

"என் கஞ்சிக்கு அதவிட நேரமாகும், உக்காரு" என்பேன்.

மழைக்காலத்தில் ஆறு நொடி என்பான், முகம் வாடியிருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற தாய் மாதிரி.

அவன் ஜெயித்த பெரிய ஜெயம் அண்ணனைத்தான். கோரியோ ஒவ்வொரு விடியலிலும் அலைத்தடுப்புப் பாறைமேல் நிற்பான். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, தண்ணீர் எப்படி இழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவான். அண்ணனை மனோய் என்று கூப்பிடுகிற கிரிசாந்தோ இரண்டு வருடம் அந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்தான். "கடல் என்ன உன் மாமியாரா மனோய், தினம் போய் மொகம் பாத்துட்டு வர? போன்ல சொல்லியாச்சு, போ." கடைசியில் கோரியோ பாறைக்குப் போவதை விட்டான். போனைப் பார்த்துவிட்டு நேராகப் படகுக்குப் போனான். அன்று கிரிசாந்தோ இரண்டு தட்டு சோறு தின்றான்.

போன அக்டோபரில் நகரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் புதிதாக ஒரு வாசல் கம்ப்யூட்டர் வைப்பதாகச் சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கும் விடியல் செய்திக்கும் இனிமேல் அதுதான் பதில் கொடுக்குமாம், சீக்கிரமாகக் கொடுக்குமாம். மறுநாள் காலையில் கிரிசாந்தோ கடைக்குள் வந்து நின்றான்.

"என்னடா, ஏழா?"

"லோலா, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு."

நான்கு நொடி அப்படிக் குறைந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? சங்கத் தலைவி மெல்சோரா ஊருக்கே பான்சித் போடச் சொன்னாள். ஒரு அண்டா நூடுல்ஸ் நான்தான் கிளறினேன். கிரிசாந்தோவை நாற்காலியில் ஏற்றி நிறுத்திக் கைதட்டினார்கள். கோரியோ எல்லோரையும்விட உரக்கத் தட்டினான்.

அப்புறம் ஒன்பது நாள். கடல் பால் மாதிரி கிடந்தது. தினமும் பத்தில் ஒரு பங்கு. தினமும் போகலாம்.

பத்தாம் நாள் காலை. வானம் துடைத்து வைத்த தட்டுபோல் இருந்தது. பதினான்கு படகுகள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இன்ஜின் கெட்டுக் கரையில் நின்றுவிட்ட பித்யோங் என் கடையில் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையைத் தின்றுகொண்டிருந்தான். எதிரே கிரிசாந்தோ. அப்போது பாறைப் பக்கம் ஒரு சத்தம். பாத்திரம் விழுந்ததோ என்று நான் அடுப்படியைப் பார்த்தேன். மறுபடியும் கேட்டது. மூன்றாவதில் ஜன்னல் வழியாக உப்புத் தண்ணீர் என் கையில் தெறித்தது. அடித்து முடித்துப் பின்வாங்கிய தண்ணீர் நெடுந்தூரம் போனது. காற்றே இல்லை. எங்கேயோ தூரத்துப் புயல் தள்ளிவிட்ட அலை அது.

பித்யோங் போனை எடுத்து உரக்கப் படித்தான். "அலை அரை மீட்டர். வடகிழக்குக் காற்று, மெல்ல. போகலாம்." பிறகு ஜன்னலைப் பார்த்தான். "அரை மீட்டராம். அப்ப யாரு, மேலேருந்து வாளியால ஊத்தறாங்களா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றான் கிரிசாந்தோ. "இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். பத்துல ஒரு பங்கு."

படிக்கத் தெரியாதவளுக்குக் காதுதான் நோட்டுப் புத்தகம். "நேத்தும் இதையேதானே படிச்ச?" என்று பித்யோங்கைக் கேட்டேன்.

அவன் விரலால் தள்ளிப் பார்த்தான். "நேத்து... இதேதான். முந்தாநாளும் இதேதான். அதுக்கு முந்தின நாள்..." விரல் இன்னும் தள்ளியது. "டேய் சாந்தோ, ஒரு எழுத்துகூட மாறலடா."

கிரிசாந்தோவின் கையிலிருந்த கரண்டி தட்டுக்கு வெளியே விழுந்தது. எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. மாடிக்கு ஓடினான். என் முழங்கால் மாடி ஏறுகிற முழங்கால் இல்லை, இருந்தாலும் ஏறினேன்.

அதே வரியைத் தன் கையால் அடித்தான். அடித்துவிட்டு அதன் வாலை மட்டும் அழித்தான். அந்த வால் என்ன என்று பிறகுதான் எனக்குச் சொன்னான். பதிலில் என்ன இருக்கிறதோ அதைக் குப்பையில் போடு, நேரத்தை மட்டும் கொண்டு வா என்று சொல்கிற வால். பதினோரு வருடம் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறதா, எத்தனை நொடியில் குரல் கொடுத்தது என்று மட்டும் கேட்டிருக்கிறான். குரல் என்ன சொன்னது என்று ஒரு தடவைகூடக் காது கொடுக்கவில்லை.

திரை நிறைய எழுத்து வந்தது. அவன் மேல்மூலையில் விரல் வைத்தான். விரல் அங்கேயே நின்றது.

"தேதி, லோலா."

"என்ன தேதி?"

"பான்சித் போட்டோமே, அன்னிக்குத் தேதி."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. உட்கார இடம் தேடினேன்.

"வாசல்ல வச்சது ஒரே ஒரு பதில வாங்கி வச்சுக்கிட்டு அதையே எடுத்து நீட்டிக்கிட்டிருக்கு" என்றான். "மிதவைய யாருமே கேக்கல. கேக்காததாலதான் இவ்வளவு வேகம். நான் கைதட்டு வாங்கினேன் லோலா. செய்தி நீளமா இருக்குன்னு தேதிய எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அண்ணனுக்குப் போன் போட்டான். முனையைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. மாதா கோயிலுக்கு ஓடிப் போய் மணிக் கயிற்றைப் பிடித்தான். அவன் அடித்த அடியில் ஊரே துறைக்கு வந்துவிட்டது. மதியத்துக்குள் பதின்மூன்று படகுகள் திரும்பின. எண்ணினோம். திரும்ப எண்ணினோம். கோரியோவும் அவனோடு போன இரண்டு பேரும் வரவில்லை.

கடலோரக் காவல் படகு புறப்பட்டபோது கிரிசாந்தோ அதில் ஏறினான். "நீ எதுக்குடா?" என்று பித்யோங் சட்டையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனான். பொழுது சாயும்வரை தேடினார்கள். வாந்தி எடுத்து எடுத்துச் சோர்ந்தவனை இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினார்கள். ஒரு மூங்கில் துண்டு மட்டும் கிடைத்தது. படகு சாயாமலிருக்கப் பக்கவாட்டில் கட்டுகிற கை அது. கோரியோ நீலம் அடித்த கை. அதை மடியில் வைத்துக்கொண்டு கிரிசாந்தோ என் கடையில் உட்கார்ந்தான். நான் சோறு வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

மறுநாள் மதியம் எதிர்த் தீவிலிருந்து வருகிற பயணிகள் படகில் கோரியோ வந்து இறங்கினான். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே மூன்று பேரும் அந்தத் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிவு. கோரியோவின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கடைக்குள் வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, கடல்ல எறங்கினியாமே."

"எறங்கினேன்."

"வாந்தி?"

"எடுத்தேன்."

கோரியோ சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "நேத்துக் காலைல என் காலு தானா பாறைக்குத்தான் போச்சு. தண்ணி இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கல. நிக்கலாமான்னு பாத்தேன். நீ சிரிப்பியேன்னு போய்ட்டேன்."

கிரிசாந்தோ தலை கவிழ்ந்தான். நான் இரண்டு பேருக்கும் சோறு வைத்தேன். அண்ணன் அவன் பிடரியில் கை வைத்துக்கொண்டே மறுகையால் சோறு தின்றான்.

இப்போதும் அந்த வரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. வாலை வெட்டிவிட்டான். பதிலில் இருக்கிற தேதியைப் படித்துப் பார்க்கிறது. தாமதமானாலும் சேவல் கூவும், பதில் மிகச் சீக்கிரம் வந்தாலும் கூவும். செய்தியில் தேதி வருகிறது. விடியலில் பாறைமேல் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் தண்ணீரைப் பார்க்கிறான், மற்றவன் போனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

காலையில் எனக்கு எண் சொல்வதை விட்டுவிட்டான். ஒன்று மட்டும் புதுப் பழக்கம். "மீன் இருக்கா லோலா?" என்று கேட்பான். நான் சட்டென்று இருக்கு என்றால் உட்கார மாட்டான். அடுப்படிக்கு வந்து, மூடியைத் தூக்கி, சட்டிக்குள் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். என் கடையில் வேறு யார் சட்டி மூடியைத் தொட்டாலும் கரண்டியால் கையில் போடுவேன். அவனை விட்டுவிடுகிறேன்.