சவரிநாதன் பிடுங்கிய உமரி

எடமலைப்பட்டி புதூர் சவரிநாதனுக்குப் புல் முளைத்த இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கீழாநெல்லி போயிற்று. அதை அவர்கள் மருந்துக்காக வளர்த்தார்களாம்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் மகள் லிசி வேதாரண்யம் பக்கத்து உப்புச் சதுப்புக்குத் துணைக்கு அழைத்துப் போனாள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் உமரிச் செடி நின்றால் சேறு கூடுதலாகப் படிகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. உமரி மண்டிய தரையில் ஆள் நீளத்துக்குக் கயிறு கட்டிப் பாத்தி பிரித்து, இரண்டு வருஷமாகச் சேற்றின் உயரத்தை அளந்துவந்தாள். அவளுடைய டாக்டர் பட்டம் அந்தச் சேற்றில்தான் இருந்தது.

அக்டோபர் கடைசி. கல்லறைத் திருநாள் நெருங்கியிருந்தது. லிசி அளவுகோல் எடுக்க வண்டிக்குப் போன நேரத்தில், ஆள் நீளம், வரிசை வரிசை, மேலே செடி என்று கண்ணில் பட்டதும் சவரிநாதன் உட்கார்ந்துவிட்டார். மனைவி இருதயமேரியின் கல்லறையை வருஷா வருஷம் சுத்தம் செய்வதுபோலவே, ஒரு வேர் விடாமல் பிடுங்கினார். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. லிசி திரும்பி வந்தபோது பாதிப் பாத்திகள் மொட்டை. அவள் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நவம்பர் மழையில் மொட்டைப் பாத்திகளின் சேறு கரைந்து போயிற்று. செடி நின்ற பாத்திகளில் தண்டுகள் தண்ணீரின் வேகத்தை அடக்க, வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ள, சேறு இன்னும் ஏறியிருந்தது. லிசி இரண்டையும் அளந்து ஆய்வேட்டில் எழுதினாள். யார் பிடுங்கியது என்று மட்டும் எழுதவில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சில்லை. சவரிநாதன் கை வைக்காததால் தெருவில் அருகம்புல் தழைத்தது.

திருச்சியில் வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் சமோசா, காபி பொறுப்பு சவரிநாதனுடையது. வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுலயே உருப்படியான பகுதி, செடியை எடுத்துட்டுப் பார்த்ததுதான். சரியா மழைக்கு முன்னாடி, சரியா பாதி. எப்படிம்மா திட்டம் போட்டீங்க?"

லிசி கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பட்டம் போய்விடுமோ என்று சவரிநாதன் பயந்தார். ஆனாலும் எழுந்தார்.

"பிடுங்கினது நான்தாங்க. அவுங்க அப்பா. கல்லறை மாதிரி தெரிஞ்சுது, சுத்தம் பண்ணிட்டேன்."

தேர்வாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் ஏன் பாதியோட நிறுத்துனீங்க?"

"பாப்பா அழுதுச்சுங்க. அவ அம்மா போனன்னிக்கு அழுத மாதிரி அழுதுச்சு. அதுக்கு மேல கை வரலைங்க."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆய்வேட்டைத் திறந்தார்.

"இதையும் எழுதிச் சேத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.