எட்டுக்குப் பிறகு

புலம்பெயர்ந்து வந்த வோபர்னில் ஜெம்பே மேளம் பழகுகிறேன். சனிக்கிழமை மேடையில் தனியாக வாசிக்க வேண்டும். தோலின் நடுவில் ஒரு 'கும்', எட்டு எண்ணும்வரை மௌனம், ஒன்பதில் ஓங்கி ஒரு அறை. அந்த அறைதான் எனக்கு வராது.

ஊரில் ஆமிக்காரர் தூரத்து முகாமிலிருந்து ஷெல் குத்தும் சத்தமும் அதே 'கும்'தான். கேட்டதும் பங்கருக்குள் குதிப்போம். அப்பா உரத்து எண்ணுவார். எங்கள் பக்கம் வந்தால் ஒன்பதில் விழும். அம்மா மட்டும் அடுப்பை அணைக்காமல் வரமாட்டார். அடுப்பாம் அடுப்பு! ஏழு வயதில் பயத்தில் எனக்குக் காற்சட்டை நனைந்துவிடும்.

ஒருநாள் அப்பா ஐந்து எண்ணிவிட்டுக் கத்தினார். "இஞ்சாரும், எரிஞ்சா எரியட்டும், ஓடி வாரும்!"

"வாறன், சோறு அடிப்பிடிக்குது!" குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா எட்டு என்றார். முற்றம் வெடித்தது. புழுதி அடங்கியபோது அம்மா பானையோடு நின்றார். "முழுக்க மண். இனி இதைத் தின்னேலாது" என்றார். அவரைப் பிடித்து அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"திரும்பவும்" என்கிறார் மேளம் பழக்கும் கினி நாட்டு ஆசிரியர். எட்டு முடிகிறது. தூக்கிய கை இறங்கவில்லை. என் எண்ணிக்கையில் அம்மா இன்னும் குசினிக்குள்தான் நிற்கிறார்.