தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

தண்ணீர் மோட்டார் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். நிறுவனத்தையே தாங்கி நிற்பதால் வந்த பட்டம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவருடைய நாற்காலி தூணுக்குப் பின்னால் கிடந்தது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற இரண்டே வருடம் இருக்கும்போது ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது. அந்தச் சொல்லை உச்சரிக்க நிர்வாகத்துக்கு நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. 'புத்துணர்ச்சித் திட்டம்' என்றார்கள். புத்துணர்ச்சி பெற்ற முதல் ஆள் அழுதுகொண்டே படியிறங்கினார்.

தூண் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டுக்கடன் அவரைவிட இளமையாக இருந்தது. அவர் ஓய்வுபெற்ற பிறகும் அது சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். எனவே மகத்தான முடிவு ஒன்றை எடுத்தார்: யார் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் பட்டால்தானே பெயர் ஞாபகம் வரும்? விடுப்பு கேட்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி நின்றுபோனபோது வாயைத் திறக்காமல் வியர்வையில் ஊறினார். இருமல் வந்தால் கழிப்பறைக்கு ஓடிப்போய் இருமினார்.

"ஏங்க, வீட்டுலயும் ஏன் பூனை மாதிரி நடக்கிறீங்க?" என்றாள் மனைவி. பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். பயந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள்.

"பழக்கமாயிடுச்சும்மா."

திட்டம் பிரமாதமாகப் பலித்தது. கொள்முதல் பிரிவையே கலைத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கைகுலுக்கி அனுப்பினார்கள். தூணை யாரும் கூப்பிடவில்லை. மேசைகளைத் தூக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். மாதக் கடைசியில் சம்பளமும் வந்தது.

காலி அறையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வேலையில்லை, பேச ஆளில்லை, பயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தது. டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

"போதும். நீங்களே போய்க் கேட்டுடுங்க," என்று மனைவி அடித்துச் சொன்னாள். "வேலை போனா ரெண்டு பேருமா சமாளிக்கலாம். நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுறது?"

மறுநாள் மாடியேறினார். ஹெச்.ஆர். அதிகாரி, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். இவர் மகள் வயதுதான் இருக்கும்.

"என்னை எப்பம்மா அனுப்பப்போறீங்க?"

"சார், நீங்க யாரு?"

பெயர், பிரிவு, வீட்டுக்கடன் எல்லாம் சொன்னார். அவள் கணினியைத் துழாவினாள். தூண் பெயர் எப்போதோ தவறுதலாகக் கேன்டீன் பிரிவுப் பட்டியலில் ஏறி, அங்கேயே நிம்மதியாகத் தங்கியிருந்தது. ஆக, இவர் வியர்த்ததும் இருமலை அடக்கியதும் வெட்டி வேலை. அவர் நடுவாசலில் நின்று பாடியிருந்தால்கூட யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுங்க சார். வேலைக்கு வந்ததிலேர்ந்து நான் இதைக் கவனிக்கலன்னு தெரிஞ்சா, மேல என்னைத்தான் முதல்ல தூக்குவாங்க. எனக்கும் வீட்டுக்கடன் இருக்கு."

"அடப் பாவமே," என்றார் தூண், மனதார.

அன்று மாலையே சத்தமில்லாமல் அவரைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினாள். ஓடாத மோட்டாரை வாங்கியவர்கள் நாள் முழுக்கப் போனில் அவரை வாட்டி எடுத்தார்கள். கத்திக் கத்திப் பதில் சொல்லித் தொண்டை கட்டியது. அடுத்த சுற்றுப் புத்துணர்ச்சி எப்போது வரும் என்று கவலைப்பட அவருக்கு ஆசைதான். எங்கே, மனுஷனுக்கு டீ குடிக்கவே நேரமில்லை.