மத்தியானத்தில் வரும் விரல்கள்

போன மழைக்குப் பிறகு எனக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. "காலையில அதிகமா, வேலை செஞ்ச பிறகு அதிகமாம்மா?" என்று செஞ்சி டாக்டரம்மா கேட்டார். இதே கேள்வியை இதே செஞ்சியில் வேறொரு டாக்டர் கேட்டபோது நான் மூன்றாம் வகுப்பு.

அந்த வருஷம் அனந்தபுரம் பக்கம் எங்கள் ஊரில் முடக்குக் காய்ச்சல் வீடு விடாமல் புகுந்தது. அம்மாவும், நைனாவின் அக்காவான அத்தையும் ஒன்றாகத்தான் காய்ச்சலில் படுத்தார்கள். அத்தை எழுந்து கழனிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி முனகுவாள். அம்மாவுக்கோ மாசங்கள் போயும் விடிந்தால் விரல் மடங்காது. அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது நான்தான். வெயில் ஏறியதும் அதே விரல் மெல்ல மெல்ல மல்லாட்டை ஓடு உடைத்துக் கடலை எடுக்கும். வெயில்தான் விரலைத் திறக்கிறது என்று நினைத்து, ஒருநாள் காலையிலேயே அம்மா கையை அடுப்பருகே பிடித்துப் பார்த்தேன்.

அத்தைக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. "சாணி அள்ள வராத கை மல்லாட்டை உடைக்க மட்டும் வருதா? எனக்கும்தான் காய்ச்சல் வந்துச்சு. நான் இன்னா படுத்தா கெடக்குறேன்?" நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் பேச்சு வந்தது.

அதற்கு முன், அம்மாவுடையது நடிப்பு என்று டாக்டர் வாயால் சொல்ல வைக்க, அத்தையே எங்களை பஸ் ஏற்றிச் செஞ்சிக்குக் கூட்டிப் போனாள். "காலையிலதான் சார் இந்த ஆட்டம். மத்தியானம் ஆனா நல்லாத்தான் இருக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க. காலையிலயா, வேலை செஞ்ச பிறகா?"

அத்தையின் விரல் கணுக்களை அழுத்தினார்; ஒன்றுமில்லை. அம்மாவுடையதை அழுத்தியதும் அம்மா அலறி எழுந்துவிட்டாள். இரண்டு கையிலும் கணுக்கள் பொதபொதவென்று வீங்கியிருந்தன.

"உங்களுது காய்ச்சல் விட்டுட்டுப் போன வலிம்மா, போயிடும். இவங்களது அது இல்ல. முடக்குவாதம் மாதிரி தெரியுது. காலையில விறைச்சு, போகப் போக இளகுறது அந்த நோயோட குணம்; லேசுல விடாது. விழுப்புரம் போயி ரத்தம் பாருங்க. இவங்க நடிக்கல."

திரும்பும்போது அத்தை ஜன்னல் வழியாகக் கோட்டை மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா சிரித்த முகமாக வந்தாள். அம்மா அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

வீட்டுக்குள் ஓடி, "நைனா, அம்மாவுக்குக் காய்ச்சல் வலி இல்லியாம்!" என்று கத்தினேன். இனி தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள் என்று, சீப்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு விளையாட ஓடினேன்.