ஞானத்தகப்பனின் பெயர்

மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கியதும் அந்த ஐரிஷ் அம்மையார் என்னைக் கட்டிக்கொண்டார். எழுபத்தெட்டு வயதில் எனக்கு அது புதிது. என் மனைவி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பெயரும் அவருடைய குடும்பப் பெயரும் ஒன்று. ரப்பர்த் தோட்டத்து மாதா கோயில் கல்லறையில் அதே பெயர் பொறித்த என் தாத்தாவின் கல்லை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அவர் பங்குச் சாமியாருக்கு எழுத, சாமியார் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில், குடும்ப மரம் வரைந்த ஒரு பெரிய தாளை விரித்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மாடு மேய்த்த ஒரு கூட்டத்தில் தொடங்குகிறது அது. பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துக்கு அவர்கள் மொழியில் பேரன் என்று பொருளாம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சிலர் லிவர்பூல் துறைமுகத்தோடு நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த தலைமுறையில் ஒருவர் மட்டும் இலங்கைத் தேயிலைக்குப் போய், அங்கிருந்து ஜொகூர் ரப்பருக்குத் துரையாக வந்தார். பிறகு அவரைப் பற்றி வீட்டுக்குச் செய்தியே இல்லை.

எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொரு பெயர்கள். கீழே வரவரக் குறைந்து, கடைசி வரிசையில் மூன்றுதான் இருந்தன. மூன்றாவது அவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அண்ணன்கள் இருவரும் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார்கள். இந்தப் பெயர் தன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன தங்கள் ஆளுக்காகத் தான் வெட்கப்படுவதாகச் சொல்லி அழுதார். நான் தலையாட்டினேன். அழுகிறவரிடம் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துரையின் பெயருக்குக் கீழே தாத்தா, அப்பா, நான், மகன், பேரன் என்று எங்கள் ஐந்து பேரையும் பென்சிலால் எழுதினார்.

வடை எடுக்கப் போன என்னை அடுப்படியில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, என்ன பரவாயில்ல? ஒங்க தாத்தாவோட அம்மாவ அந்தத் தொரைகூட சேத்து வெச்சிட்டீங்களே! பேப்பர்ல வேற எழுதுறாங்க."

"அழுவுறாங்கல்ல, பாவம்."

"அழுதா? பால்மரம் சீவிப் பிள்ளைங்கள வளத்த மனுசி மேல பழிய போட்டுடுவீங்களா? அலமாக், நல்ல பேரன் லா நீங்க."

துரை என் தாத்தாவுக்கு ஞானத்தகப்பன், அவ்வளவுதான். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பன் பெயரையே அதற்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். தோட்டத்தில் துரையை எல்லோரும் எப்படிச் சொன்னார்களோ அதுதான் அவர் பெயர் என்று கொள்ளுத்தாத்தா நம்பினார். குடும்பம் முழுவதற்கும் ஒரே பெயர் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதி. அதன்பிறகு எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். அப்படி அது எனக்கு வந்தது, என் பேரனுக்கும் போனது. நடுவில் அப்பாவுக்கும் மகனுக்கும் தகப்பன் பெயராகப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

வடைத் தட்டை வைத்த கையோடு அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் ஒன்றுதான் கேட்டார்.

"ரத்த சொந்தம் இல்லன்னா, எங்க பேர ஏன் இத்தன தலமுறையா வெச்சிருக்கீங்க?"

"அது எங்க தாத்தா பேரு," என்றேன்.

பொய்யில்லை. ஆனால் சொன்ன பிறகுதான் உறைத்தது. உறவு இல்லை என்றதோடு நில்லாமல், பெயரையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் பையிலிருந்து அழிப்பானை எடுத்து, தாள் கிழியாமல், என் பேரனில் தொடங்கி மேலே ஒவ்வொன்றாக அழித்தார். பன்னிரண்டு வடையில் ஒன்றைத் தின்றார். ருசியாக இருப்பதாகச் சொன்னார்.

ரயில் நிலையத்தில் வண்டி ஏறும்முன் நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றேன். வந்தபோது கட்டிக்கொண்டவர் இப்போது கையை நீட்டினார். குலுக்கினேன்.

திரும்பும் வழியில் மனைவி ஆரம்பித்தாள்.

"இருந்தாலும், அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்திருக்கலாம்லங்க," என்றாள்.

"நீதான சொல்லச் சொன்ன?"

"சொல்லச் சொன்னேன். மொதல்ல தலய ஆட்டச் சொன்னேனா?"